வீட்டுக்குள்ள ஒரு கருவியைச் சேர்க்கும் அந்த ஒரு நிமிஷம்

1/ இது மருத்துவப் பதிவு இல்லை. ஆனா வயசான அப்பா அம்மாவை ஊர்ல விட்டுட்டு வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க அவசியம் படிங்க. கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

2/ என் அம்மா கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. எனக்கு நைட் டூட்டின்னா காலைல போன் பண்ணவே மணி பத்தாகிடும். அதுக்குள்ள அம்மா எழுந்தாங்களா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களான்னு மனசு அடிச்சுக்கும். அதனால சமையற்கட்டுல ஒரு மோஷன் சென்சார், கொல்லைக் கதவுல ஒரு சென்சார், ரெண்டையும் இணைக்க ஒரு ஹப், ஹால்ல ஒரு வைஃபை கேமரான்னு மாட்டினேன். ஆறரைக்குள்ள சமையற்கட்டுல நடமாட்டம் இல்லைன்னா என் போனுக்குத் தகவல் வரும்.

3/ ஞாயித்துக்கிழமை மதியம் போய், சாயங்காலமே பஸ் ஏறணும். அவசரத்துல மாட்டினேன். கேமராவோட வந்த யூசர்நேம், பாஸ்வேர்டை மாத்தல. அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன். அந்த 'அப்புறம்' வரவே இல்ல.

4/ மூணு வாரம் கழிச்சு அம்மா கேட்டாங்க: "ஏன் தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தியே, தூங்கலையா?"

அந்த நேரம் நான் வார்டுல இருந்தேன். "நான் பார்க்கலம்மா"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேருக்கும் பேச்சு வரல.

5/ மறுநாள் அம்மா கேமரா மேல துண்டைப் போட்டு மூடிட்டாங்க. சென்சாரையும் கழட்டச் சொன்னாங்க. "யாரோ பார்க்கிற வீட்டுல நான் எப்படிப்பா இருக்கிறது?" என்கிட்ட பதில் இல்ல. அவங்க பாதுகாப்புக்குன்னு நான் வாங்கி வச்சது, அவங்க சொந்த வீட்டையே அந்நியமாக்கிடுச்சு.

6/ யார் திருப்பினாங்கன்னு இன்னைக்கு வரை தெரியாது. வழி விட்டது நான்தான். ரௌட்டர்ல யூபிஎன்பின்னு ஒரு வசதி ஆன்ல இருந்துச்சு. அது இருந்தா உள்ள இருக்கிற கருவி, நம்மகிட்ட கேட்காமலே வெளியிலிருந்து ஆள் வர வாசலைத் திறந்துக்கும். அந்த வாசல்ல மாத்தாத பாஸ்வேர்டு வேற.

2016-ல 'மிராய்'ங்கிற மால்வேர் இப்படித்தான் பரவுச்சு. கம்பெனி வச்ச பாஸ்வேர்டுகள் சுமார் 60 ஜோடியை வரிசையா போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடிச்சுது. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்னைக்கு இப்படிப் பிடிச்ச கருவிகளை வச்சு நடத்தின தாக்குதல்ல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறுச்சு.

7/ இப்போ எங்க வார்டுக்கு வாங்க. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி "நீங்கதானே லட்சுமி?"ன்னு கேட்கக் கூடாது. அரை மயக்கத்துல இருக்கிறவங்க எதுக்கும் தலையாட்டுவாங்க. "உங்க பேர் சொல்லுங்க"ன்னுதான் கேட்கணும். அப்புறம் ரெண்டு பேர் நின்னு பை, கேஸ் ஷீட், கைப்பட்டை மூணையும் ஒத்துப் பார்க்கணும். குரூப் மாறி ஏத்துற விபத்துகள்ல பெரும்பாலும் தப்பு ரத்தத்துல இருக்காது, ஆளைச் சரி பார்க்காததுல இருக்கும்.

கருவியைச் சேர்க்கிறதும் அப்படித்தான். "நீதானே அந்த சென்சார்?"னு நாமளே சொல்லிக்கிட்டு உள்ள விடக் கூடாது. நீ யாருன்னு அது நிரூபிக்கணும்.

8/ சேரும்போது உள்ள என்ன நடக்குது? ஹப், வீட்டு நெட்வொர்க்கோட ரகசியச் சாவியைப் புதுக் கருவிக்குக் கொடுக்கும். ஜிக்பீ வகையில அந்தச் சாவியைப் பூட்டி அனுப்ப ஒரு பொதுச் சாவி உண்டு: 'ஜிக்பீஅலையன்ஸ்09'. உலகத்துக்கே தெரிஞ்ச சாவி! அந்தச் சில நொடிகள்ல பக்கத்துல ஒருத்தன் ரேடியோவை ஒட்டுக்கேட்டா வீட்டுச் சாவி அவன் கையில. அதுக்குத்தான் ஒவ்வொரு கருவிக்கும் தனியா 'இன்ஸ்டால் கோடு' வந்துச்சு. உங்க ஹப்புல அந்த வசதி இருந்தா பயன்படுத்துங்க.

2022 அக்டோபர்ல வந்த 'மேட்டர்' முறையில லேபிள்ல ஒரு க்யூஆர் கோடு, கூடவே பெரும்பாலும் 11 இலக்க எண் இருக்கும். அது இல்லாம கருவி சேராது. கருவி தன்னோட சான்றிதழையும் காட்டணும். வார்டுல நாம பார்க்கிற கைப்பட்டை மாதிரி.

9/ சரி, நீங்க என்ன செய்யணும்?

• பழைய கருவி, கைமாறி வந்த கருவின்னா முதல்ல ஃபேக்டரி ரீசெட்.
• 'சேர்க்கும் நிலை'யைக் கருவி கையில இருக்கும்போது மட்டும் திறங்க. முடிஞ்சதும் மூடிடுங்க.
• லேபிள் கோடைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸாப் குரூப்ல போடாதீங்க.
• கம்பெனி பாஸ்வேர்டை மாத்துற வரைக்கும் கேமராவை இணையத்துல விடாதீங்க. சாஃப்ட்வேர் அப்டேட்டையும் அப்பவே முடிங்க.
• ரௌட்டர்ல யூபிஎன்பியை அணைங்க. கேமரா, பல்புக்கெல்லாம் கெஸ்ட் வைஃபை கொடுங்க.
• சேர்த்த பிறகு ஆப்ல கருவிகள் பட்டியலைப் பாருங்க. நீங்க சேர்க்காதது எதுவும் இருக்கக் கூடாது.
• கருவியைத் தூக்கிப் போடும் முன்னாடி நெட்வொர்க்குல இருந்து நீக்குங்க.

10/ அடுத்த லீவுல ரெண்டு நாள் தங்கினேன். ஹப்பையும் சென்சாரையும் மேட்டர் வகைக்கு மாத்தினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு லேபிள் எண்ணை ஒவ்வொண்ணா படிச்சாங்க, நான் டைப் பண்ணேன். ரெண்டு பேர் சரி பார்க்கிற எங்க வார்டு வழக்கம்தான். எது என்ன பார்க்கும், எது பார்க்காதுன்னு ஒவ்வொண்ணா சொன்னேன். முதல் தடவையே சொல்லியிருக்கணும். கேமரா மட்டும் வேண்டாம்னுட்டாங்க. கழட்டிட்டேன். அவங்க வீடு, அவங்க முடிவு.

11/ இன்னைக்குக் காலை 6.10-க்கு சமையற்கட்டுல நடமாட்டம்னு ஆப்ல பார்த்துட்டுத்தான் ரவுண்ட்ஸ் போனேன்.

இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. நீங்க மாட்டிட்டு வந்த கருவிகளோட பாஸ்வேர்டைப் பாருங்க. அப்பா அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே பாருங்க.