மயிலுக்குக் குறி வைக்கலீங்க

போன வாரம் தோட்டத்துல நடந்ததைச் சொல்றேன்.

கடலை விதைச்சு நாலு நாள்தான் ஆச்சு. விடிஞ்சா மயில் கூட்டம் வந்து விதையைக் கிளறித் தின்னுது. மயிலை ஒண்ணும் செய்யக் கூடாது. 1972-ஆம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சட்டம் இல்லாட்டியும் முருகன் வாகனத்து மேல கை வைக்க யாருக்கு மனசு வரும்? அதனால வேலிக் கம்பத்துல ஒரு எண்ணெய் டின்னைக் கட்டி, பையன் எப்பவோ வாங்கிப் போட்ட ஏர்கன்னால அதை அடிப்பேன். 'டங்'குனு சத்தம் கேட்டா மயில் பறந்துடும்.

அன்னிக்கு டின் சத்தம் வரல. மோட்டார் ரூம் செவுத்துல 'சட்'டுனு கேட்டுது. அதுக்குப் பத்தடி தள்ளி ஊட்டுக்காரம்மா குனிஞ்சு கத்தரிக்காய் பறிச்சுட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, மயிலை ஓட்டறீங்களா, என்னை ஓட்டறீங்களா?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கை நடுங்கிடுச்சு.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால மண் மூட்டைகளை அடுக்கி, அதுல காகிதம் ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி உக்காந்தேன். ஒவ்வொரு தடவை சுட்டதும் பின் சைட்டைக் கொஞ்சம் திருப்பினேன். திருப்பத் திருப்பக் குண்டு ஒவ்வொரு மூலைக்குப் போச்சு. அரை டப்பா பெல்லட் தீர்ந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் கட்டையைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன். லொடலொடன்னு ஆடுது! ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் அதிரும். அந்த அதிர்ச்சியில கட்டையைப் பிடிச்சிருக்கற திருகு மெல்ல மெல்லக் கழண்டுக்கும். அது ஆடும்போது சைட்டைத் திருப்பி என்ன பிரயோஜனம்?

திருப்புளி எடுத்து எல்லாத் திருகையும் முடுக்கினேன். இந்தத் தடவை சைட்டைத் தொடாம அஞ்சு குண்டு சுட்டேன். அஞ்சும் ஒரே இடத்துல, ஆனா வலது பக்கம், கொஞ்சம் கீழே. இப்பத்தான் சைட்டுக்கு வேலை. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்தணும். இடது பக்கம் நகர்த்தி, கொஞ்சம் மேலே ஏத்தினேன். மறுபடி அஞ்சு. மூணாவது சுத்துல புள்ளி மேலயே விழுந்துது.

ஆனா பாருங்க, குறி சரியா இருந்தாலும் அந்த வேலிக் கம்பத்துல டின்னைக் கட்டினது என் தப்புதான். குண்டு தவறினா எங்க போகும்னு நான் யோசிக்கவே இல்ல. இப்போ கிணறு வெட்டின மண்மேட்டுக்கு முன்னால டின்னைத் தொங்க விட்டிருக்கேன். தவறினாலும் மண்ணுக்குள்ள போயிடும். துப்பாக்கியை எடுக்கறதுக்கு முன்னால, "அம்மிணி, எங்க இருக்கற?"ன்னு ஒரு குரல் குடுக்கறேன். பதில் வந்த பிறகுதான் சுடறது.

மயில் இப்போ அந்தச் சத்தத்துக்கும் பழகிட்டே வருது. கடலை முளைச்சு ரெண்டு இலை விடற வரைக்கும் தாங்கினாப் போதும்.