எரியாத விளக்கு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாம் குடியேறிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. பிழைப்பை நாடி இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போலவே, இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் கொண்ட சிறு வீடு நம்முடையது. இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் அன்னையார்க்கு இவ்வூர்க் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. மாலையில் வெந்நீரில் குளித்தால்தான் முழங்கால் வலி தணியும்.

நம்மவர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்து மின்சாரம் 1902ஆம் ஆண்டிலேயே வந்தது. 1905இல் பெங்களூரிலும் மின்விளக்கு எரிந்தது. இத்துணைப் பழமை இருந்தும், பெருமழையில் ஒரு மரக்கிளை முறிந்தால் இன்றும் தெருவே இருளில் மூழ்குகிறது. ஆதலின் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கீசர் ஒன்றை வாங்கிக் குளியலறைக்குள்ளேயே மாட்டினோம். அதனைப் பற்றவைக்க இரண்டு பேட்டரிகள் போதும். “இனி மின்சாரத்தை நம்பியிருக்க வேண்டாம்” என்று பெருமையும் பேசினோம்.

கார்த்திகை மாதத்து மழைநாள் மாலை ஒன்றில் மின்சாரம் நின்றது. அன்னையார் குளிக்கச் சென்றார். சிறிது நேரம் கழித்து நம் மகன், “அப்பா, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாட்டியைக் கூப்பிட்டால் பதில் இல்லை” என்றான். கதவைத் தட்டினோம், ஓசையில்லை. தாழ்ப்பாள் பெயரும்படி மோதித் திறந்தோம். அன்னையார் சுவரில் சாய்ந்தபடி நினைவற்றுக் கிடந்தார். கீசரை அணைத்து, அவரைத் தூக்கி வந்து வாயிற்படியில் கிடத்தினோம். அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் போர்வையோடு ஓடிவந்தார். அவர் மகனே ஆட்டோ பிடித்துவந்தான். மருத்துவமனையில் பிராணவாயு செலுத்திய பிறகே அன்னையார் கண் விழித்தார்.

மருத்துவர் நம்மிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “காற்றுப் போக வழி இருந்ததா?”

வழி இல்லை. நம் கையாலேயே அதனை அடைத்திருந்தோம். குளிர் வருகிறதென்று சாளரத்தில் அட்டை ஒட்டியவர் நாமே. புகையை வெளியேற்றும் விசிறி ஒன்று இருந்தது; அதுவோ மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் நின்றதும் விசிறி நின்றது, நெருப்பு நிற்கவில்லை. அடைபட்ட அறையில் எரிவாயு எரிந்தால் காற்றிலுள்ள பிராணவாயு குறையும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். கசியும் எரிவாயுவை நாற்றத்தால் அறியலாம். இந்நச்சுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, பின்பு மயக்கம், அதன்பின் மரணம். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவாயினும், உருளையில் வருவதாயினும் இதில் வேறுபாடில்லை.

நம் பேட்டையின் பெயரையே கொண்ட ஆஸ்டின், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரம். 2021 பிப்ரவரியில் அம்மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியபோது நாற்பது இலட்சத்திற்கும் மேலான இல்லங்கள் மின்சாரமின்றித் தவித்தன. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. மின்சாரம் இன்மையால் எரிவாயு நிலையங்கள் சிலவும் நின்றன. வாயுவால் எரியும் வீட்டுக் கணப்புகளுக்கும், சூட்டைப் பரப்பும் விசிறி மின்சாரத்திலேயே ஓட வேண்டும். குளிர் தாளாமல் கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டியோரும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டோரும் இதே நச்சுக்கு இரையாயினர். செல்வ நாட்டிலும் நெருப்பின் இயல்பு ஒன்றே.

வீடு திரும்பிய அன்றே அட்டையைக் கிழித்தெறிந்தோம். நம் முகவாட்டத்தைக் கண்ட அன்னையார், “நீயாகவா ஒட்டினாய்? குளிருது குளிருது என்று நான்தானேப்பா ஒட்டச் சொன்னேன்” என்றார். அச்சொல் நம்மை இன்னும் சுட்டது.

இப்பொழுது கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றால், சமையலறைச் சாளரத்தைத் திறந்துவைத்து அடுப்பில் வெந்நீர் காய்ச்சுகிறோம். அறையைச் சூடாக்க அடுப்பையோ கரிச்சட்டியையோ மூட்டுவதில்லை, கம்பளியே போதும்.

இரயில்வேயில் ஒரு விதி உண்டு. எரிய வேண்டிய கைகாட்டி விளக்கு எரியாதிருந்தால், ஓட்டுநர் அதனைச் சிவப்பு விளக்காகவே கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக நாம் அறிந்திருந்த விதிதான். வீட்டிற்கும் அது பொருந்தும் என்பதை அன்னையாரை ஏறக்குறைய இழந்த பிறகே அறிந்தோம். தாய்மார்களே, தோழர்களே, இன்றிரவே உங்கள் குளியலறைச் சாளரத்தை ஒருமுறை பாருங்கள்.