செம்மண் சரளையில் சுருள்பாசி... காசையும் மண்ணையும் காக்கும் கறுப்பு ஷீட்!

‘எனக்கு இருப்பது 20 சென்ட் மேட்டு நிலம். தார்ப்பாய்த் தொட்டி போட்டுச் சுருள்பாசி வளர்க்கலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். உட்கார்ந்த இடத்தில் பதில் எழுத மனம் வரவில்லை. தொட்டி போட்டு, நஷ்டப்பட்டு, மறுபடி எழுந்து நின்ற குடும்பம் ஒன்று திருமயம் பக்கம் இருக்கிறது. புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ் ஏறினேன்.

நமனசமுத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்மண், சரளை, தைலமரம். கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் நெல். வெயிலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. சுருள்பாசிக்கு அந்த வெயில்தான் சாப்பாடு. இதே மாவட்டத்து ஊனையூரில் பாரி நிறுவனம் பெரிய அளவில் பாசி வளர்ப்பதற்கும் இந்த வெயில் தோதாக இருக்கிறது.

திருமயத்தில் இறங்கி, உள்ளே நாலு கிலோமீட்டர் போனேன். வேப்பமரத்துக்கு அப்பால் மூன்று தொட்டிகள், கரும்பச்சைத் தண்ணீரோடு. நீளக்கழியில் கட்டிய துடைப்பத்தால் தண்ணீரைக் கலக்கிவிட்டுக் கொண்டிருந்தார் அந்த வீட்டு அக்கா. ‘‘கலக்கிக்கிட்டே இருக்கணும் தம்பி. அடியில கிடக்கிற பாசிக்கும் வெயில் படணும்ல’’ என்றவர், முதலில் காட்டியது தொட்டியை அல்ல. வேலியோரம் வெள்ளை பூத்துக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை.

‘‘முதல் தொட்டி இங்கதான் போட்டோம். பந்தலுக்குப் போடுற நீலத் தார்ப்பாய், சல்லிசாக் கிடைச்சுச்சு. ஏழு மாசம் நல்லா இருந்துச்சு. ஒருநாள் விடிஞ்சு வந்து பாத்தா, தண்ணி அடியோட போயிருச்சு. என் கம்மலை அடகு வச்சுப் போட்ட காசு தம்பி. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பக்கத்துல நின்ன கத்திரிச்செடி அத்தனையும் கருகிப்போச்சு. இன்னும் இங்க புல்லுகூட முளைக்கலை.’’

காரணம் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. 50 அடி நீளம், 10 அடி அகலத் தொட்டியில் 8 அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் 9,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். சிக்கனமான முறையில் பார்த்தாலும் லிட்டருக்கு 8 கிராம் சமையல் சோடா, 5 கிராம் உப்பு போட வேண்டும். சோடா மட்டுமே 70 கிலோவைத் தாண்டிவிடும். தண்ணீரின் பி.ஹெச். அளவு 9-க்கு மேல் இருந்தால்தான் சுருள்பாசி செழிக்கும். வேறு பாசிகள் எளிதில் நுழையாது. அதே தண்ணீர் மண்ணில் இறங்கினால் நிலம் களராகிவிடும். ஆக, அடியில் விரிக்கும் ஷீட் பாசியோடு சேர்த்து நம் நிலத்தையும் கிணற்றையும் காக்கிறது.

இப்போது மூன்று தொட்டிகளிலும் இருப்பது 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு ஹெச்.டி.பி.இ. ஷீட். வெயிலைத் தாங்குவதற்காக அதில் கார்பன் கரி கலந்திருக்கிறார்கள். மலிவான தார்ப்பாயில் மேல்பூச்சு வெயிலில் உரிந்து, துணுக்குகள் பாசியோடு கலந்துவிடும். மனிதர் சாப்பிடுகிற பொருள் இது. மிருதுவான பி.வி.சி. ஷீட்டில் மென்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் தண்ணீரில் இறங்கலாம். மறுசுழற்சி பிளாஸ்டிக்கும் ஆகாது. ‘உணவுத் தரம்’ என்று வாயால் சொன்னால் போதாது, சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றரை அடி உயரச் சுவர் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 3 அடி. கரையில் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு ஓர் அடி. ஆக, 50-க்கு 10 தொட்டிக்கு 55-க்கு 15 ஷீட் தேவை. மூலையை வெட்டாமல் மடித்தே வைக்க வேண்டும்.

‘‘ஷீட்டுக்கு எதிரி மேல இல்ல, கீழதான் இருக்கு’’ என்றார் அவர் கணவர். சரளைக்கல்லைப் பொறுக்கி, கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்து, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, இரண்டு அங்குலம் சலித்த மணல் பரப்பியிருக்கிறார். ‘‘கோரை முளை ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கிட்டு வந்துரும் தம்பி. ஒரு கிழங்கைக்கூட விடக் கூடாது.’’

விரித்தது சாயங்காலம். உச்சி வெயிலில் விரிந்து நிற்கும் ஷீட்டை இழுத்துக் கட்டினால், ராத்திரிக் குளிரில் சுருங்கி ஒட்டுப்போட்ட இடம் விட்டுப்போகும். வடிகால் குழாய்க்காக ஷீட்டில் ஓட்டையும் போடவில்லை. கசிவு தொடங்கும் இடமே அதுதான் என்பதால், சின்ன மோட்டார் வைத்து மேலிருந்தே இறைக்கிறார்கள். கிழிந்தால் சாதாரண பசை ஒட்டாது. சூடு வைத்து ஒட்டும் கருவியோடு ஆள் வர வேண்டும்.

கறுப்பு ஷீட்டில் ஒரு சங்கடமும் உண்டு. சுருள்பாசிக்கு 30 முதல் 35 டிகிரி சூடு நல்லது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் அதற்கு மேலே கொதிக்கும் என்பதால் நிழல்வலை கட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்புத் தண்ணீர் நீர்த்துப்போகாமல் இருக்க, மேலே பாலித்தீன் கூரை. செம்மண் தண்ணீர் உள்ளே வராதபடி கரை ஓர் அடி உயர்ந்து நிற்கிறது.

அறுவடை விடியற்காலையில். துணியில் வடிகட்டி, வடிந்த தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுகிறார்கள். பிழிந்த பாசியை இடியாப்ப உழக்கில் பிழிந்து, 60 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துகிறார்கள். ‘‘ஒரு தொட்டியில காஞ்ச பாசி கால் கிலோ கிடைச்சா அது நல்ல நாள்’’ என்றார் அக்கா. விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். ‘நாங்களே திரும்ப வாங்கிக் கொள்கிறோம்’ என்று ஒருவர் சொன்னதை நம்பி முதல் வருடம் மூட்டை கட்டி வைத்திருந்து ஏமாந்திருக்கிறார்கள். இப்போது கால்நடைத் தீவனத்துக்கும் மருந்துக் கடைக்கும் நேராகக் கொடுக்கிறார்கள்.

கிளம்பும்போது, தொட்டி ஓரம் நின்ற மூங்கில் குச்சியைக் காட்டினார் அக்கா. சாயங்காலம் தண்ணீர் மட்டத்துக்குக் கரிக்கோடு. விடிந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பது. ராத்திரியில் வெயில் குடிக்காது. வழக்கத்தைவிட ஒரு விரல் கூடக் குறைந்திருந்தால் கசிவுதான். ‘‘அன்னைக்கு இந்தக் குச்சி இருந்திருந்தா ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்’’ என்றார்.

கேட்ட வாசகருக்கு என் பதில்: வளர்க்கலாம். முதலில் வாங்குபவரைத் தேடுங்கள். பிறகு 10-க்கு 10 அளவில் ஒரே ஒரு தொட்டி, நல்ல ஷீட்டில். ஒரு கோடையும் ஒரு மழையும் அது தாங்கட்டும். அதற்குப் பிறகு இரண்டாவது தொட்டியைப் பற்றி யோசிக்கலாம். மறக்காமல் ஒரு மூங்கில் குச்சியும் நட்டு வையுங்கள்.