எண்பதைத் தாண்டினா போட்டோ!

திண்டிவனம் பாலத்தை விட்டு இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். விழுப்புரத்தில் பத்து பத்துக்குத் தாலி. மாப்பிள்ளை எங்கள் ஆபீஸ்காரன். முதல் நாளே போய்த் தொலைந்திருக்கலாம், லீவு கிடைத்தால்தானே!

"அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே" என்றேன்.

வாடகைக் கார். டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும். முள் எண்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"இந்த ரோட்டுல கேமரா இருக்கு ஸார்."

"அதெல்லாம் சும்மா பயமுறுத்த வெச்சிருக்கான். எங்கண்ணே வேலை செய்யப் போகுது?" என்று, கேமராவை நானே கழற்றிப் பார்த்தவன் தோரணையில் சொன்னேன். மனுஷன் என்னை ஒருமுறை கண்ணாடியில் பார்த்தார். பிறகு மிதித்தார். நூற்றுப் பத்து!

திண்டிவனம் - விழுப்புரம் ரோடு, வேகமாகப் போகச் சொல்லி ஆசை காட்டுகிற ரோடு. அந்தக் காலத்து என்.ஹெச். 45, இப்போது நம்பர் மாறி 132. நாலு வழி, நடுவே அரளிச் செடி, இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். 'திந்திரிணி வனம்' என்றால் புளியங்காடு, அதுதான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். இந்த ரோட்டில் இப்போது புளியமரத்தைத் தேடத்தான் வேண்டும். ஆனால் ஊர்கள் அப்படியே இருக்கின்றன. கூட்டேரிப்பட்டில் மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள், விக்கிரவாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள், பால் கேனோடு சைக்கிளைத் தள்ளுகிறவர்கள் என்று எல்லோருக்கும் அந்தப் பக்கம் போயாக வேண்டிய வேலை இருக்கிறது.

கூட்டேரிப்பட்டு தாண்டி, கம்பத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. நாங்கள் பார்த்தோம். அதுவும் பார்த்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் விதி காத்திருந்தது. ஃபாஸ்டேக்கில் காசில்லை. முதலாளிக்குப் போன் போட்டு, அவர் எடுத்து, ரீசார்ஜ் ஆகி, பின்னால் ஊரே ஹாரன் அடித்து, கேட் திறக்கப் பன்னிரண்டு நிமிஷம். மண்டபத்தில் நுழையும்போது மாப்பிள்ளை இரண்டாம் பந்தியைக் கவனித்துக் கொண்டிருந்தான். மேடையில் ஏறிச் சிரித்துவிட்டு இறங்கினேன்.

அந்த ஆல்பம் இன்னும் என் கண்ணில் படவில்லை. கூட்டேரிப்பட்டில் எடுத்த படம் பதினோராம் நாள் வந்துவிட்டது!

எனக்கு இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைத்தான் படிக்கும். ரேடார் வேகத்தை அளக்க, கம்ப்யூட்டர் நம்பரைப் படித்து, வண்டி யார் பேரில் இருக்கிறது என்று தேடி எடுக்கும். எஸ்.எம்.எஸ். ஓனர் செல்லுக்குப் போகும். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் யார், பின்சீட்டில் உட்கார்ந்து விரட்டியவன் யார் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஓனர் என்ன செய்வார்? டிரைவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் கழித்துவிட்டார்.

டிரைவர் போன் பண்ணினார். திட்டுவார் என்று பார்த்தேன். "கேமரா வேல செய்யுது ஸார்" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். எண்பதில் போனால் முப்பது நிமிஷம். நூற்றுப் பத்தில் போனால் இருபத்திரண்டு. எட்டு நிமிஷ லாபம். டோல்கேட்டில் தொலைத்தது பன்னிரண்டு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. எண்பதில் வருகிற வண்டி பிரேக் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டுமோ, நூற்றுப் பத்துக்கு ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. பால் கேன்காரர் ஞாபகம் வந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வக்கீல் நண்பனைப் பிடித்தேன், ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று. அவன் சொன்ன கதை தனி. நாலு வழி ரோட்டில் காருக்கு நூறு வரை போகலாம் என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அதே 2021-ல் வந்த மத்திய விதி, கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கை போர்டு இருக்க வேண்டும், பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்றது. "போர்டு இருந்ததா?" என்றான். இருந்தது. 80 என்று போட்டதும், கேமரா படம் போட்டதும், இரண்டும். "நோட்டீஸ்?" பதினோராம் நாள். "அப்புறம் என்ன, கட்டுடா!"

இந்தப் பெட்டியின் பூர்வீகம் ஒரு தமாஷ். ஹாலந்தில் மாரிஸ் கட்ஸோனிடஸ் என்று ஒரு கார் பந்தய வீரர். 1953-ல் மான்ட்டி கார்லோ ராலியில் ஜெயித்தவர். வளைவில் தன் வண்டி என்ன வேகத்தில் திரும்புகிறது என்று அளக்க ஒரு கருவி செய்தார், இன்னும் வேகமாகப் போவதற்காக! அந்தக் கம்பெனிதான் பிறகு ஊர் ஊராக ஸ்பீடு கேமரா விற்றது. மனுஷனுக்கு அவர் கருவியே வேட்டு வைத்ததும் உண்டாம்.

டிரைவருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் ஐந்நூறு திரும்பி வந்தது. போன் போட்டேன்.

"சொன்னது நீங்க. மிதிச்சது என் காலு. பாதி போதும் ஸார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று நாள் ஓட்டினால்தான் அவருக்கு ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

போன மாசம் மறுபடி விழுப்புரம் போனோம், அதே வண்டி, அதே அண்ணன். இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களின் வித்தையை அன்றைக்கு நிதானமாகப் பார்த்தேன். கேமரா வரைக்கும் பூனை, தாண்டியதும் புலி. கம்பத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் எல்லா வண்டிக்கும் பின்னால் சிவப்பு லைட் எரிகிறது. எதிர்ப்பக்கம் வருகிற லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு தரம் சிமிட்டுகிறார், 'பார்த்துப்போ' என்று. இங்கிலாந்தில் இதற்காகவே இரண்டு இடத்தில் கேமரா வைத்து, நடுவில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று வகுத்துச் சராசரி வேகத்தைப் பிடிக்கிறார்கள். அங்கே பூனையாகவே வர வேண்டியதுதான்!

எங்கள் முள் எண்பது. ஒரு ஆம்னி பஸ் பின்னால் வந்து ஹாரனில் வசைபாடிவிட்டுத் தாண்டிப் போனது. விக்கிரவாண்டியில் ஒரு பாட்டி கையைக் காட்டியபடி குறுக்கே வந்தாள். அண்ணன் சாவகாசமாக நிறுத்தினார். பாட்டி போனாள்.

விழுப்புரம் நான்குமுனை சந்திப்பில் சிவப்பு விழுந்தது. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. பின்னால் பைக்காரன் அலறினான்.

"போலாமாண்ணே?" என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "என்னா ஸார்?"

"ஒண்ணுமில்லேண்ணே. மெதுவா போவோம்."