ஆங்கில இலக்கியமும் ஐம்பத்தையாயிரம் பவுண் கடனும்

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிற ஒருவர், பிறகு வாங்கப்போகும் சம்பளத்தையும் இப்போது தலையில் ஏறும் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு எப்படி வரும்? நான் லண்டனில் இரண்டாம் வருடம் அதைத்தான் படிக்கிறேன். முடித்ததும் ஆசிரியப் பயிற்சிக்குப் போவதா, நேரே வேலை தேடுவதா என்று சீக்கிரம் தீர்மானிக்க வேண்டும். எனவே இது எனக்குப் பொழுதுபோக்குக் கணக்கு இல்லை.

முதலில் கடன். 1998க்கு முன் இங்கே பல்கலைக்கழகக் கட்டணமே கிடையாது. அந்த வருடம் ஆயிரம் பவுணில் தொடங்கினார்கள். 2006இல் மூவாயிரம், 2012இல் ஒன்பதாயிரம். 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுண். மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 28,600. நான் வீட்டிலிருந்து போய் வருகிறேன். அதற்கான வாழ்க்கைச் செலவுக் கடன் (அப்பாவின் சம்பளம் குறைவு என்பதால் முழுத்தொகையும் கிடைக்கிறது) இன்னும் 26,000க்கு மேல். ஆக, படித்து முடிக்கும்போது என் பெயரில் சுமார் 55,000 பவுண் நிற்கும்.

இந்த எண்ணைக் கேட்டவுடன் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு அடைத்துவிடும். ஒரு கலியாண வீட்டில் பெரியப்பா கேட்டார்: "உனக்கு இங்கிலிஷ் தண்ணி மாதிரி வருகுது, பிறகேன் பிள்ளை அதைக் காசு குடுத்துப் படிக்கிறாய்? நகையை அடகு வைச்சாலும் ஒரு நாள் மீட்கலாம். இதை எப்ப அடைச்சு முடிப்பாய்?"

முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். (ஆங்கில இலக்கியம் என்றால் ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாஸ் என்று நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமில்லை.) இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி.

இது அடகுக்கடன் மாதிரி இல்லை. 2023 ஓகஸ்டுக்குப் பிறகு படிக்கத் தொடங்கியவர்களுக்கு 'பிளான் 5' என்ற முறை. வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் சம்பாதித்தால், அந்த மேலதிகத்தில் மட்டும் 9 வீதம் சம்பளத்திலிருந்தே கழியும். வேலை இல்லையென்றால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. வீட்டுக்கு ஆள் வராது. 40 வருடம் கழித்து மீதி தள்ளுபடி. கடன் என்று பெயர், நடப்பது வரி மாதிரி.

ஒரு உதாரணம். லண்டனுக்கு வெளியே, 2025 செப்டெம்பர் முதல் புது ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 32,916 பவுண். 25,000ஐக் கழித்தால் 7,916. அதில் 9 வீதம் வருடத்துக்கு 712, அதாவது மாதம் 59 பவுண். கடன் 55,000 ஆனாலும் 70,000 ஆனாலும் அதே 59தான். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவேயில்லை.

ஆனால் இங்கே நிறுத்தினால் பாதிக் கதைதான். 2025-26இல் இந்தக் கடனின் வட்டி 3.2 வீதம். 55,000க்கு அது 1,760 பவுண். நான் கட்டுவது 712. ஆகவே கடன் கூடிக்கொண்டே போகும். ஆறேழு வருடத்தில் அந்தச் சம்பளப் படிவரிசையின் உச்சியான 45,352ஐ எட்டினால் வருடம் 1,832 கட்டுவேன். வட்டிக்கு மட்டும் மட்டுமட்டாகக் காணும்!

வட்டி பணவீக்க அளவுதான் என்பதால் உண்மை மதிப்பில் கடன் வளர்வதில்லை, அது ஒரு ஆறுதல். பணவீக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வருடம் 1,832 வீதம் 55,000ஐ அடைக்க 30 வருடம். அறுபதாயிரம் சம்பளம் வாங்கும் கணக்காளர் ஒருவர் வருடம் 3,150 கட்டி 17, 18 வருடத்தில் முடித்துவிடுவார். இருபத்தேழாயிரத்தில் நிற்பவர் வருடம் 180 கட்டி, 40 வருடத்தில் பெரும்பகுதி தள்ளுபடியாகிப் போய்விடுவார். நடுவில் இருப்பவர்தான், அதாவது ஆசிரியர், நூலகர், பதிப்பகத்தில் வேலை பார்ப்பவர்தான், தலை நரைக்கும்வரை கட்டுகிறவர். ஆங்கிலம் படிப்பவர்கள் பலர் போய்ச் சேருவதும் அங்கேதான்.

என் அக்கா 2019இல் வரலாறு படிக்கத் தொடங்கியவள். அவளுக்குப் பழைய 'பிளான் 2'. 2025 ஏப்ரலில் அதன் எல்லை 28,470, தள்ளுபடி 30 வருடத்தில். அதே 32,916 சம்பளத்துக்கு அவள் கட்ட வேண்டியது 400 பவுண், நான் கட்ட வேண்டியது 712. ஒரே வீடு, ஒரே சம்பளம்! அவளுடைய முறையில் வட்டி பணவீக்கத்துக்கு மேல் 3 வீதம் வரை ஏறலாம். ஆனால் அது நிறையச் சம்பாதிப்பவரைத்தான் கடிக்கும். புது முறையில் அந்த மேல் வட்டியை எடுத்துவிட்டு, பத்து வருடத்தைக் கூட்டினார்கள். பெரிய சம்பளக்காரருக்குச் சலுகை, நடுத்தரத்துக்குச் சுமை. இதை யாராவது நியாயம் என்று சொன்னால் கேட்க ஆசை.

சம்பளப் பக்கம்? ஐ.எஃப்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, பட்டதாரிகளில் ஐந்தில் ஒருவர் பல்கலைக்கழகம் போகாமல் இருந்திருந்தால் பண விஷயத்தில் நன்றாக இருந்திருப்பார். மருத்துவமும் பொருளியலும் மேலே, ஓவியம், நாடகம் போன்ற கலைப் படிப்புகள் அடியில். இந்த மாதிரிக் கணக்குகளை வைத்துத்தான் இலக்கியத் துறைகள் மீது கண் விழுகிறது. 2022இல் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆனால் இவற்றுக்கு அடிப்படையான வரித்துறைத் தரவில் முழுநேரம் வேலை செய்தவர் யார், குழந்தையைப் பார்த்துக்கொண்டு பகுதிநேரம் போனவர் யார் என்று தெரியாது. பெண்கள் அதிகம் படிக்கும் ஒரு பாடத்தை அந்தத் தரவால் எடை போடும்போது கொஞ்சம் கவனம் வேண்டாமா?

என் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போனால் இன்னொரு வருடக் கட்டணம் கடனில் சேரும். மாதத் தவணை மாறாது, கட்டும் வருடங்கள்தான் கூடும், நாற்பதுவரை. அக்காவிடம் கேட்டேன். "அம்பத்தொன்பது பவுணை விடு. எட்டாம் வகுப்புப் பெடியள் முப்பது பேரை உன்னாலை சமாளிக்கேலுமோ? அதைச் சொல்லு முதல்ல" என்றாள். அடுத்த மாதம் ஒரு பாடசாலையில் ஒரு வாரம் வகுப்பின் பின்வரிசையில் இருந்து பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை அதற்குப் பிறகுதான் திறப்பதாக இருக்கிறேன்.