பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

அனகாபுத்தூரில் மாலை வகுப்பில் உளவியல் சொல்லித்தருகிறேன். சமுதாயக் கல்லூரி என்று பெயர்ப்பலகை இருந்தாலும் இடம் ஒரு மாடி ஹால்தான். பாதிப் பேர் வகுப்பு தொடங்கி அரை மணி கழித்துத்தான் வந்து சேர்வார்கள். பல்லாவரம்–குன்றத்தூர் சாலை நெரிசல் அப்படி. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், நாகல்கேணித் தோல் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் உண்டு. சிலர் பள்ளியை விட்டுப் பதினைந்து, இருபது வருடம் ஆகிறது.

இப்படிப்பட்டவர்களுக்காகவே சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு வந்தது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. சேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இந்த யோசனையை மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனார். வயது தடையில்லை, மதிப்பெண் தடையில்லை, கட்டணம் குறைவு, முடித்ததும் கைக்கு ஒரு வேலை என்பது அதன் அடிப்படை. தையல், கணினி, நோயாளி பராமரிப்பு ஆகியவற்றுக்கு நடுவே உளவியலும் மனவள ஆலோசனையும் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டன. அவை பிடித்த இடம் சரியான இடம் என்பதை இத்தனை காலப் பாடம் நடத்தலில் உறுதியாக நம்புகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் ஒரே கேள்வி வரும்: "மிஸ், இதைப் படிச்சா எதிர்ல இருக்கறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு கண்டுபிடிச்சிடலாமா?" முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். இந்த டிப்ளமோ யாரையும் மனநல நிபுணர் ஆக்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். அதற்கு மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். பிறகு ஏன் படிக்க வேண்டும்? அதற்குப் பதிலை நான் சொல்வதில்லை, வேலையைக் கொடுத்துவிடுவேன்.

பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை மட்டும் எழுதிவர வேண்டும். யார் பெயரும் எழுதக்கூடாது. கோபம், பாசம், பாவம், திமிர் போன்ற சொற்கள் கூடாது. கேட்டால் சுலபமாகத் தெரியும். நோட்டைத் திறந்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு மாணவி பேருந்து நிறுத்தத்தில் நின்று எழுதிவந்த முதல் வரி: "ஒரு அம்மா எரிச்சல்ல குழந்தையைத் திட்டினாங்க." எரிச்சலை எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். முகத்தில் என்றாள். முகத்தில் என்ன? யோசித்தாள். மறுபடி போய் நிற்கச் சொன்னேன்.

மறுவாரம் வேறொரு தாயைப் பற்றி எழுதிவந்தாள். சுமாராக இப்படி இருந்தது: அந்த அம்மா கையில் இரண்டு பை. குழந்தை சேலையைப் பிடித்து இழுத்தது. அவர் குனியவில்லை. மறுபடி இழுத்தது. ஒரு பையைக் கீழே வைத்தார். பேருந்து வருவதைப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார். மூன்றாம் முறை இழுத்தபோது "சும்மா இருடா" என்றார், சத்தமாக. பேருந்து நிற்காமல் போய்விட்டது. அப்புறம் இரண்டு பையையும் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் மூக்கைத் துடைத்தார்.

இதை வகுப்பில் படித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எரிச்சல் குழந்தை மேல இல்ல மிஸ், பஸ் மேல." அதுவும் ஊகம்தான். ஆனால் முந்தின ஊகத்தைவிட நல்ல ஊகம், ஏனென்றால் அதற்கு அடியில் பார்த்தது என்று ஏதோ இருக்கிறது. உளவியல் என்ற படிப்பின் அடிவேலை இதுதான் என்று நினைக்கிறேன். பெயர் வைப்பதைத் தள்ளிப்போடத் தெரிய வேண்டும். மாமியாருக்கு ஓசிடி, கணவருக்கு பைபோலார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏடிஎச்டி என்று பாதி டிப்ளமோவில் எல்லாருக்கும் நோய்ப் பெயர் வாயில் வரத் தொடங்கும். அதை உடனே நிறுத்துவேன். வீட்டில் நிம்மதியைக் கெடுக்கவா இந்தப் படிப்பு?

சோதனை வகுப்புக்கு எங்களிடம் ஆய்வகம் கிடையாது. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம், ஸ்கெட்ச் பேனா, செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் இவை போதும். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் தன் முனைவர் பட்டத்துக்குச் செய்த சோதனையைத் தமிழில் செய்கிறோம். ‘பச்சை’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுத வேண்டும், ‘நீலம்’ என்பதை மஞ்சளில். எழுதியிருக்கும் சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த எவருக்கும் நாக்கு தடுக்கும். சொல் முந்திக்கொள்ளும், நிறம் பின்தங்கும்.

ஒரு முறை தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் வந்து, "எங்க ஆயா ஒரு தடவைகூட தடுக்காம சொல்லிட்டாங்க மிஸ். பி.காம் படிச்ச அண்ணன் திணறுறான். எப்படி?" என்றாள். அவளுடைய ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. படிக்கத் தெரியாததால் சொல் குறுக்கே வரவில்லை என்றது ஒரு கட்சி. ஆயுசு முழுக்கத் தார் சுற்றிய கை, நூலின் நிறத்தோடேயே வாழ்ந்தவர், அதனால் நிறம் சொல்வதில் வேகம் என்றது இன்னொரு கட்சி.

இரண்டுமே நியாயமான பேச்சு. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்று பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முடிவில் தோல் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த ஒரு பெண் வழி சொன்னார்: "எழுத்தே இல்லாம வெறும் கலர் கோடு போட்டு ஒரு அட்டை செய்யலாம் மிஸ். ரெண்டையும் சொல்லச் சொல்லி நேரம் பார்க்கலாம். ஆயா ரெண்டுலயும் வேகமா இருந்தா என்ன, வித்தியாசம்தானே முக்கியம்?" அப்படியே செய்தோம். ஆயாவுக்கு இரண்டு அட்டைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். அண்ணனுக்குக் கோட்டட்டை சீக்கிரம் முடிந்தது, எழுத்தட்டை வெகுநேரம் இழுத்தது. படிப்பு பழக்கமாகி, நம்மைக் கேட்காமலே ஓடத் தொடங்கியபின்தான் இந்தத் தடுமாற்றம் வருகிறது. ஒப்பீட்டு அட்டை என்ற கருத்தைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சூத்திரமாகப் படித்தவள் நான். இங்கே அது தேவையிலிருந்து பிறந்ததை நேரில் பார்த்தேன். தொழிற்சாலையில் தினம் மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

தொழிலாளிகள் இந்தப் படிப்புக்குள் வருவது புதிதும் அல்ல. திறன் கற்றல் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் முக்கியமானது 1897-லும் 1899-லும் பிரையனும் ஹார்ட்டரும் வெளியிட்டது. அதில் நோபிள் ஹார்ட்டர் முன்பு தந்தி அடிக்கும் வேலை பார்த்தவர். தந்தி பழகுகிறவர்கள் செய்தியை வாங்கிக்கொள்வதில் கொஞ்ச காலம் முன்னேறி, பிறகு வாரக்கணக்கில் ஒரே நிலையில் நின்று, அதன்பின் மறுபடி ஏறுவதை அவர்கள் வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்ட காது, பிறகு சொல்லாக, பிறகு தொடராகக் கேட்கிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

அனகாபுத்தூர் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போன ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்’ துணிக்குப் பேர்போன ஊர். அந்த ஏற்றுமதி நின்றபின் தறிகள் குறைந்துபோய், இன்றைக்கு வாழைநார் போன்ற இயற்கை நார் நெசவால் மறுபடி பேசப்படுகிறது. வயதான நெசவாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து அந்த வரைபடத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது எல்லாப் பையனுக்கும் வரும்மா. கொஞ்ச நாள் கை ஓடும். அப்புறம் நின்னுடும். அந்த நேரத்துலதான் பாதிப் பேர் தறியை விட்டுட்டு ஓடிடுவான். பொறுத்தவனுக்குக் கண்ணு நாடாவை விட்டு வெளிய வரும்" என்றார். நாடாவைப் பார்க்காமல் கை வீசும், கால் மிதிக்கும், கண் பாவில் இழை அறுந்திருக்கிறதா என்று தேடும்; அதைத்தான் சொன்னார். தேங்கி நிற்பது தோல்வி அல்ல என்று நான் சொல்வதைவிட அவர் சொன்னது மாணவிகளுக்கு உறைத்தது. வயதான பின் படிக்க வந்து, நடுவில் நின்றுவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் சிலர்.

2015 டிசம்பர் வெள்ளம் எங்கள் பகுதியில் யாருக்கும் மறக்காது. அடையாறு வீட்டுக்குள் வந்தது. இன்னமும் கனமழை பெய்தால் தூங்காத வீடுகள் உண்டு. அதனால் உளவியல் முதலுதவி பாடத்தை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே நடத்திவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட கையேடு மூன்றே வேலை சொல்கிறது: பார், கேள், சேர்த்துவிடு. என்ன நடந்தது, எப்படி உணர்ந்தீர்கள் என்று துருவிக் கேட்கக்கூடாது. பேரிடர் முடிந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வு 2002-லேயே காட்டிவிட்டது. பாதிக்கப்பட்டவருக்குத் தண்ணீர், போர்வை, ரேஷன் கார்டு நகல், உறவினர் போன் நம்பர் இவை முதலில். பேச விரும்பினால் கேட்க ஒரு ஆள். விடாமல் துயரம் வாட்டினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், எண் 14416. பார்த்ததை மட்டும் எழுதப் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் சுலபமாக வருகிறது. அவர்கள் அழுகிறவரிடம் ஆறுதல் பிரசங்கம் செய்வதில்லை. கால் நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

டிப்ளமோ முடித்தவர்களில் ஆர்வமுள்ளவர்கள் தொலைநிலைக் கல்வியில் உளவியல் பட்டம் படிக்கப் போவது வழக்கமாக இருந்தது. வேலையையும் வீட்டையும் விட முடியாதவர்களுக்கு அது ஒன்றுதான் பாதை. 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்றும், அந்தப் பருவம் முதலே புதிய சேர்க்கை கூடாது என்றும் அது சொன்னது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது.

இதில் பாதி நியாயம் உண்டு. மனிதரைத் தொட்டுச் செய்யும் வேலையைத் தபாலில் வரும் புத்தகத்தை மட்டும் படித்துக் கற்க முடியாது. மேற்பார்வை வேண்டும், ஆய்வகம் வேண்டும், ஆசிரியர் எதிரே இருந்து "எரிச்சலை எங்கே பார்த்தாய்" என்று கேட்க வேண்டும். ஆனால் சிகிச்சை செய்வது வேறு, உளவியல் படிப்பது வேறு. அங்கன்வாடியில் குழந்தைகளோடு இருப்பவரும், கம்பெனியில் ஐம்பது பெண்களை மேய்க்கும் சூப்பர்வைசரும் சிகிச்சையாளர் ஆக வரவில்லை. தங்கள் வேலையை இன்னும் தெளிவாகப் பார்க்க வந்தவர்கள். நேரில்தான் படிக்க வேண்டும் என்றால் அவர்கள் வரக்கூடிய நேரத்தில் நேர்வகுப்பு இருக்க வேண்டும். பகல் கல்லூரியை மட்டும் காட்டிவிட்டு, படிக்க யாரும் தடையில்லை என்று சொல்வது அநியாயம்.

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் மாலைக்கு மேல் வகுப்பறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. உளவியல் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரப் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். அரசு அதற்குக் கட்டணச் சலுகை தர வேண்டும். சமுதாயக் கல்லூரி டிப்ளமோவுக்கு அதில் நேரடி இடம் கொடுக்க வேண்டும். கல்லூரிகளில் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள்.