அப்பாவின் வண்டியும் நானும்



எங்கள் அப்பாவின் வண்டி என்னைவிட வயதில் மூத்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தாலே 'கிறீச்' என்று கத்தும். பள்ளத்தில் இறங்கினால் குதித்துக் குதித்துப் போகும். அந்தச் சத்தத்தோடு நம் பள்ளிக் கேட்டில் வந்து இறங்க எனக்கு வெட்கம். "முனைக் கடையிலேயே விட்டுடுங்கப்பா, நடந்துக்கிறேன்" என்பேன். அப்பா ஏன் என்று கேட்டதே இல்லை.

போன மாதம் ஒருநாள் ராத்திரி அப்பாவின் முதுகில் அம்மா தைலம் தேய்த்துக் கொண்டிருந்தார். "ஷாக்கப்சர் போய் ஆறு மாசமாச்சு. முதல்ல உன் டியூஷன் ஃபீஸ் கட்டணும்னு தள்ளிப் போட்டுட்டே இருக்கார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை நானே அப்பாவை மெக்கானிக் அண்ணன் கடைக்கு இழுத்துப் போனேன். அண்ணன் சீட்டை ஓங்கி அமுக்கி விட்டார். வண்டி நாலைந்து தடவை ஆடியது. "நல்ல ஷாக்கப்சர்னா ஒரு தடவை எழும்பி நின்னுடணும் தம்பி" என்றார்.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது. உள்ளே இருக்கும் ஆயில் சின்னத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகும்போதுதான் ஆட்டம் அடங்குகிறது. இயற்பியலில் படித்த 'தடையுறு அலைவு' இதுதான்! எங்கள் வண்டியில் ஆயில் சீல் தேய்ந்து ஆயில் எல்லாம் ஒழுகிவிட்டது.

"சீல் மட்டும் மாத்தினா போதாதா?" என்றார் அப்பா.

"ராடுல துருப்பிடிச்சுக் குழி விழுந்திருக்கு. புது சீலையும் கிழிச்சிடும். ஜோடியாத்தான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா சரிப்படாது."

என் உண்டியல் பணம் 640 ரூபாய். மீதியை அப்பா போட்டார். டபுள் ஸ்டாண்டு போட்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் கழற்றினோம். இரண்டாவது பக்கத்து நட்டை முடுக்கியது நான்தான்! பாரத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்க அதிலேயே நாட்ச் இருக்கிறது. 1980-இல் வந்த ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1100 போன்ற பெரிய வண்டிகளில் இதற்குக் காற்று அடைப்பார்களாம்.

திங்கட்கிழமை காலை. பழக்கதோஷத்தில் முனைக் கடை அருகே அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"நேரா கேட்டுக்கே போங்கப்பா" என்றேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியில் அவர் சிரிப்பது தெரிந்தது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவின் வண்டி சீட்டை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். ஆடிக்கொண்டே இருந்தால், அவர் முதுகு வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.



– பதினொன்றாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு